நாலாம் மாடியின் சுவாதீனம்

அறுபத்து மூன்றாம் கேள்வி கொங் தூமனுக்கு அன்றும் தப்பாகவே போயிற்று.

வேன் இஞ்சோன் நகரத்தின் ஓரத்துக்கு ஓடிக்கொண்டிருந்தது. அப்போதுதான் வெளுக்க ஆரம்பித்திருந்த வானம். கறுப்பு ஜாக்கெட் போட்ட பன்னிரண்டு பேர் தோளோடு தோள் இடித்துக்கொண்டு தூங்கி வழிந்தார்கள். தூமன் மட்டும் பின் இருக்கையில் மாதிரித் தேர்வுத் தாளை நாலாக மடித்துப் பிடித்துக்கொண்டு, போன் வெளிச்சத்தில் விடையைச் சரிபார்த்துக்கொண்டிருந்தான். வீட்டுத் தரகர் உரிமத் தேர்வு வரும் சனிக்கிழமை. வருஷத்துக்கு ஒரு முறைதான் வரும். இது அவனுக்கு மூன்றாவது முறை.

கேள்வி இதுதான். கட்டட வேலை செய்ததற்கான கூலி வராததால், அந்தக் கட்டடத்தையே பற்றுரிமையில் பிடித்து வைத்திருக்கிறார் ஒருவர். கட்டடத்தின் உரிமையாளர் ஆள் வைத்து அவரை அடித்துத் துரத்திவிட்டுக் கைப்பற்றிக்கொண்டார். இப்போது எது சரி? முதல் விடை: கட்டடம் கைவசம் இருக்கும் சுவாதீனம் போன கணத்திலேயே பற்றுரிமை நிரந்தரமாக ஒழிந்துவிடும். இரண்டாவது: அடித்துத் துரத்தப்பட்டவர் என்பதால், கட்டடம் திரும்பக் கிடைக்காவிட்டாலும் பற்றுரிமை நீடிக்கும். மூன்றாவது: ஓராண்டுக்குள் வழக்குத் தொடுத்துக் கட்டடத்தைத் திரும்பப் பெற்றுவிட்டால், பற்றுரிமை ஒழியவே இல்லை என்று கொள்ளப்படும். நாலும் ஐந்தும் சும்மா இடத்தை நிரப்ப வைத்தவை. அவை தப்பு என்பது தூமனுக்கே தெரியும்.

அவன் ஒவ்வொரு முறையும் ஒன்றைத்தான் போட்டான். ஒவ்வொரு முறையும் விடைக்குறிப்பு மூன்று என்றது.

பற்றுரிமை என்ன என்பது அவனுக்குப் புரியாமல் இல்லை. கடிகாரம் பழுது பார்ப்பவன், கூலி வரும்வரை கடிகாரத்தைக் கொடுக்காமல் கையில் வைத்துக்கொள்ளலாம். கையை விட்டுக் கொடுத்தானோ, அந்த உரிமை போயிற்று. கட்டடத்துக்கும் அதே கதைதான். ஆனால் கட்டடத்தைக் கையில் பிடிக்க முடியாது. உள்ளே ஆள் இருக்க வேண்டும். அதனால்தான் கொத்தனாரும் குழாய்க்காரரும் பாதி கட்டின கட்டடத்தின் முன்னால் பதாகை கட்டிவிட்டு, உள்ளே போர்வை விரித்து மாதக்கணக்கில் படுத்துக் கிடக்கிறார்கள். அதனால்தான் தூமனின் மேலாளர் மேங்கைப் போன்றவர்களுக்கும் பிழைப்பு ஓடுகிறது. ஏலத்தில் கட்டடம் எடுத்தவனுக்கு வக்கீலைவிட இந்தப் பன்னிரண்டு பேர்தான் முதலில் தேவை. உள்ளே இருப்பவர்களை வெளியே எடுத்துப் போட்டுப் பூட்டை மாற்றினால் உரிமை செத்தது. பத்து வருஷமாக அதைத் தன் கையாலேயே சாகடித்து வருகிறவன் தூமன். செத்ததைச் சாகவில்லை என்று புத்தகம் சொன்னால் எப்படி நம்புவான்?

"இந்தக் கேள்விய எழுதினவன் ஒரு தடவையாவது ஆளத் தூக்கி வெளிய போட்டிருப்பானா?" என்று வாய்விட்டே சொல்லிவிட்டான்.

பக்கத்தில் இருந்த ஜொங்பே கண்ணைத் திறந்தான். முப்பது வயது. கூட்டத்திலேயே எடுத்தவுடன் கை ஓங்குகிறவன். "என்னண்ணே, மறுபடியும் ஊத்திக்கிச்சா?"

"அதே கேள்விதான்டா."

"ஆபீஸ் போட்டு, கோட்டு மாட்டிக்கிட்டு, நீங்க வீடு காட்டப் போறீங்க. பாக்கணும்ணே அத. வர்றவங்களையும் தோள்ல தூக்கிட்டுப் போய்த்தான் காட்டுவீங்க. கை சும்மா இருக்குமா?"

வேன் முழுதும் சிரித்தது. தூமனும் சிரித்தான். ஆனால் தாளை மடித்துப் பின் பாக்கெட்டில் பத்திரமாகச் செருகினான்.

நாற்பத்தெட்டு வயதில் அவன் முழங்கால் மாடி ஏறும்போது நறநறவென்கிறது. அவன் மனைவி சுன்யே நடத்தும் தொடுகறிக் கடையை ஒட்டின சின்ன அறை காலியாகக் கிடக்கிறது. அங்கே வரப்போகும் ஆபீஸுக்கு மாட்டும் பெயர்ப்பலகையில் என்ன நிறம் அடிப்பது என்பதுவரை அவள் முடிவு செய்துவிட்டாள். தேர்வில் தேறினால் மட்டும் போதாது என்பதுதான் சிக்கல். ஆபீஸ் திறக்க வட்டார அலுவலகத்தில் பதிய வேண்டும். அங்கே குற்றப் பதிவைப் பார்ப்பார்கள். அடிதடிக்கு அபராதம் கட்டியிருந்தால் பரவாயில்லை. சிறைத் தண்டனை என்றால், அது நிறுத்தி வைக்கப்பட்ட தண்டனையாகவே இருந்தாலும், பல வருஷங்களுக்குப் பதிய முடியாது. தரகுச் சட்டப் புத்தகத்தில் இதைப் படித்த நாளிலிருந்து தூமன் யாரையும் அடிப்பதில்லை. தூக்குவதோடு சரி.

தூக்குவதில் ஒரு வித்தை இருக்கிறது. பள்ளி நாட்களில் அவன் சிரும் மல்லன். இடுப்புத் துணியைப் பிடித்து எதிராளியைக் கிளப்பி மணலில் சாய்க்கிற மல்யுத்தம் அது. அதில் கை பலம் பெரிதில்லை. எதிராளியின் இடுப்புக்குக் கீழே உன் இடுப்பு போய்விட்டால், அவன் எத்தனை கனமாக இருந்தாலும் நீ நிமிரும்போது அவன் கால் தரையை விட்டுவிடும். கால் தரையில் இல்லாதவனுக்குப் பலமே கிடையாது. நகம் பதியாது, கன்றிப்போகாது, மருத்துவச் சான்றிதழில் எழுதுவதற்கு ஒன்றும் இருக்காது. அப்படியே தோளில் போட்டுக்கொண்டு படியிறங்கிவிடலாம்.

இன்னும் ஒரு வாரம். இப்படித் தூக்கியே ஓட்டிவிட்டால் போதும்.

கட்டடம் ஆறு மாடி. கண்ணாடி பொருத்தாத ஜன்னல்களில் பிளாஸ்டிக் தாள் படபடத்தது. நாலாம் மாடியிலிருந்து சிவப்பு எழுத்துப் பதாகை தொங்கியது: பற்றுரிமையில் உள்ளது, அத்துமீறாதே. உள்ளே மூன்று பேர் என்று மேங் சொல்லியிருந்தான். டைல்ஸ் பதிக்கும் குத்தகைக்காரி ப்யோ ஒக்னம், குழாய் வேலைக்காரக் கிழவர் யோம், ஒரு வெல்டர்.

நாலாம் மாடிப் படிக்கட்டின் இரும்புக் கதவு உள்ளிருந்து கம்பி வைத்துப் பற்றவைக்கப்பட்டிருந்தது. அதனால் பயனில்லை. கதவு வெளிப்பக்கம் திறப்பது. கீல்கள் வெளியே இருந்தன. ஒருவன் கிரைண்டரைக் கீழ்க் கீலில் வைத்தான். பிறகு நடுக் கீல். மேல் கீலைக் கடைசியாகத்தான் அறுக்க வேண்டும், இல்லாவிட்டால் கதவு அறுப்பவன் காலிலேயே விழும். நெருப்புப் பொறி படிக்கட்டெங்கும் கொட்டியது. உள்ளேயிருந்து ஒரு பெண் குரல் கத்தியது.

"வாங்கடா! காலைச் சாப்பாடு ரெடியா இருக்கு!"

கதவு சாய்ந்தது. முதலில் வந்தது கொதிக்கிற தண்ணீர். நூடுல்ஸ் வேகவைத்த பானையோடு அப்படியே வீசினாள். முன்னால் நின்றவன் முகத்தைப் பொத்திக்கொண்டு அலறி உட்கார்ந்தான். அடுத்து தீயணைப்பு உருளையின் வெள்ளைப் பொடி. கண் தெரியவில்லை, மூச்சு விட முடியவில்லை. அந்த வெள்ளைக்குள்ளிருந்து உடைந்த டைல்ஸ் துண்டுகள் விர்ரென்று பறந்து வந்தன. ஒன்று தூமனின் நெற்றியைக் கிழித்தது. இரண்டு பேர் வெல்டரைச் சுவரோடு மோதி, தலைமுடியைப் பிடித்து மறுபடியும் மோதினார்கள். அவர் மூக்கிலிருந்து ரத்தம் பீறிட்டது.

பொடி அடங்கியபோது யோம் கிழவர் கையில் ஒரு குழாய் ஸ்பானரைப் பிடித்துக்கொண்டு நின்றார். ஜொங்பே இரும்புக் கம்பியை ஓங்கினான்.

"வேணாம்டா!" என்றான் தூமன்.

கம்பி கிழவரின் முன்கையில் இறங்கியது. காய்ந்த விறகு ஒடிகிற சத்தம். மூட்டே இல்லாத இடத்தில் ஒரு மூட்டு முளைத்த மாதிரி கை மடிந்தது. கிழவர் உதட்டைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்தார். ஜொங்பே உட்கார்ந்தவரின் விலாவில் இரண்டு முறை உதைத்தான். தூமன் அவன் காலரைப் பிடித்துப் பின்னால் இழுத்தான். அதே சமயம் யாரோ தூமனின் இடது காதைப் பல்லால் பிடித்துத் தொங்கினார்கள்.

ஒக்னம்தான். ஐம்பத்தைந்து வயசிருக்கும். குள்ளம், கட்டை உடம்பு. காதை விடுவிப்பதற்குள் அவன் கழுத்தெல்லாம் ரத்தம். இடுப்பைத் தாழ்த்தி, அவள் இடுப்புப் பட்டையைப் பிடித்து நிமிர்ந்தான். அவள் கால் தரையை விட்டது. தோளில் போட்டுக்கொண்டு படியிறங்கினான். அவள் தலைகீழாகத் தொங்கியபடி அவன் முதுகில் குத்தினாள். முழங்கையால் விலா எலும்பில் இடித்தாள். பிறகு குத்து நின்றது.

பின் பாக்கெட்டிலிருந்து எதையோ உருவுவது தெரிந்தது.

"டேய், இது என்னடா? தரகர் தேர்வா?"

"குடுத்துடுங்கக்கா."

"அடப்பாவி, நீயும் எழுதுறியா? நானும் சனிக்கிழமை எழுதுறேன்டா. ஏழு மாசமா மேல வேற என்ன வேலை எனக்கு?" காகிதம் சரசரத்தது. வாயில் ஒட்டியிருந்த அவன் காது ரத்தத்தைத் துடைத்துக்கொண்டு படித்தாள் போலிருக்கிறது. "அறுபத்து மூணுக்கு ஒண்ணா போட்டிருக்க? மடையா! நிரந்தரமாகன்னு ஒரு விடையில வந்தாலே அது தப்புன்னு எந்த வாத்தியாரும் சொல்லலையா?"

தூமனுக்கு ரோஷம் வந்துவிட்டது. "இப்ப நீங்க எங்க இருக்கீங்க?"

"உன் தோள்ல."

"நாலாம் மாடியில இல்லைல்ல? அப்பப் போச்சா இல்லையா?"

"தலைகீழா தொங்குறவகிட்ட கேக்குற கேள்வியாடா இது? இறக்கி விடு, பதில் சொல்றேன்."

தெருவில் இறக்கிவிட்டான். பதிலாக அவள் அவன் முகத்தில் துப்பிவிட்டு, தாளைத் தன் சட்டைக்குள் செருகிக்கொண்டு போனை எடுத்தாள். யாரிடமோ இரண்டே வார்த்தை பேசினாள். "ஏணிய எடு."

மேங் தன் வேலையைத் தொடங்கியிருந்தான். தூமனைவிடப் பத்து வயது சின்னவன், எப்போதும் மரியாதையாகத்தான் பேசுவான். கீழ் வாசலில் புதுப் பூட்டைப் பொருத்தச் சொன்னான். பழைய பதாகையை அறுத்து, புது உரிமையாளரின் பெயர் போட்டதைக் கட்டச் சொல்லிப் படம் எடுத்தான். அந்தப் படம்தான் முக்கியம். இந்த நாள், இந்த வேளை, கட்டடம் யார் வசம் என்பதற்கு நாளைக்குக் கோர்ட்டில் அதைத்தான் நீட்டுவார்கள்.

போலீஸ் வண்டி வந்தது. யோம் கிழவரை ஆம்புலன்ஸில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். இளம் போலீஸ்காரர் ஒருவர் சுற்றிலும் பார்த்துவிட்டு, "யார் அடிச்சது?" என்றார்.

"தானா விழுந்தாரு சார். படியில பொடி," என்றான் மேங்.

போலீஸ்காரர் கறுப்பு ஜாக்கெட்டுகளை ஒவ்வொன்றாகப் பார்த்தார். தூமன் தன் ஷூவைப் பார்த்துக்கொண்டான்.

"கட்டடம் யாருதுங்கறது சிவில் விவகாரம். நாங்க தலையிட முடியாது," என்று சொல்லிவிட்டுப் போலீஸ்காரர் வண்டியின் ஓரத்தில் போய் நின்றுகொண்டார்.

மேங் நாலு பேரை மேலே காவலுக்கு அனுப்பினான். தூமன், ஜொங்பே, இன்னும் இரண்டு பேர். நாலாம் மாடியில் பொடி பனி மாதிரி படிந்திருந்தது. நடு அறையில் பச்சைப் போர்வை ஒன்று விரித்துக் கிடந்தது. அதன்மேல் பூவும் நிலவும் பறவையும் வரைந்த பூச்சீட்டுகள், பாதி ஆட்டத்தில் விட்டவை, பூட்ஸ் கால் பட்டுச் சிதறிக் கிடந்தன. மூலையில் தூமனிடம் இருக்கும் அதே சிவில் சட்டப் புத்தகம், பக்கம் பக்கமாக ஒட்டுத் தாள்களோடு.

"கிழவி படியில கத்துனது ஜோக் இல்லண்ணே, நிஜமாவே படிக்கிறா," என்று ஜொங்பே புத்தகத்தை உதைத்தான்.

அப்போது கீழே மோட்டார் உறுமியது.

ஏணி லாரி. வீடு மாற்றும்போது பீரோவையும் சோபாவையும் படிக்கட்டில் தூக்காமல் ஜன்னல் வழியாக ஏற்றுகிற வண்டி. அலுமினிய ஏணி ஒன்றுக்குள் ஒன்றாகச் செருகியிருக்கும். மோட்டாரை முடுக்கினால் குடைக்கம்பி மாதிரி நீண்டு வந்து ஜன்னல் விளிம்பில் தலை சாய்க்கும். அதன்மேல் ஒரு சின்னத் தட்டு, இரும்புக் கயிற்றில் இழுபட்டு ஏறும். அந்தத் தட்டு சாமானுக்கு. ஆள் ஏறக் கூடாது.

தூமன் பிளாஸ்டிக் தாளை விலக்கிப் பார்த்தான். ஏணியின் தலை நாலாம் மாடி விளிம்பில் வந்து டங்கென்று உட்கார்ந்தது. பக்கத்து அடுக்ககத்தில் டைல்ஸ் பதித்துக்கொண்டிருந்தவர்கள் வேலையைப் போட்டுவிட்டு வந்து லாரியைச் சுற்றி நின்றார்கள். தட்டில் ஒக்னமும் அவர்களில் இரண்டு பேரும் முட்டி போட்டு உட்கார்ந்து ஏறி வந்துகொண்டிருந்தார்கள். வெளியேற்றின கையோடு திரும்பி வருகிறாள்! அறுபத்து நாலாம் கேள்வி தூமனுக்கு நினைவு வந்தது. பறிக்கப்பட்ட உடனேயே என்றால், பறித்தவனை விரட்டிவிட்டுத் தானே திரும்ப எடுத்துக்கொள்ளலாம். உடனே செய்தால்தான். ஒரு நாள் தூங்கி எழுந்துவிட்டால் கோர்ட்டு ஒன்றுதான் வழி. அதை அவன் எப்போதும் சரியாகவே போட்டான்.

போன் அடித்தது. மேங்.

"கொங் அண்ணே, ஜன்னல் பக்கத்துல டைல்ஸ் பெட்டி அடுக்கி இருக்குல்ல?"

"இருக்கு."

"ஒண்ண நகத்துங்க. தானா விழுந்த மாதிரி. ஏணியில ஆள் ஏத்தறதே சட்ட விரோதம்ணே. விபத்துன்னு போயிடும்."

தூமன் பெட்டிகளைப் பார்த்தான். தரை டைல்ஸ், ஒரு பெட்டியைத் தூக்கவே இடுப்பு பிடித்துக்கொள்ளும். ஏணியின் மேலேயே சறுக்கினால் நேராகத் தட்டின் முன் விளிம்பில் போய் மோதும். கயிறு அறுக்க வேண்டியதுகூட இல்லை. தட்டு ஒரு பக்கம் எழும்பினால் போதும், மூன்று பேரும் மூன்று மாடி உயரத்திலிருந்து சிமெண்டுத் தரையில் விழுவார்கள். அது எப்படி நடக்கும் என்பது கடைசி வரைக்கும் அவன் கண்ணில் ஓடியது. அதைவிட முதலில் ஓடியது சுன்யே நிறம் பார்த்து வைத்த பலகை. மூன்று உயிருக்கு முன்னால் பலகையை நினைத்தோமே என்று பிற்பாடு அவன் கூசியதுண்டு. ஆனால் அந்த நேரத்தில் அது போதுமானதாக இருந்தது.

"முடியாது மேனேஜர்."

"அண்ணே, நான் கேக்கல. சொல்றேன்."

"செத்துருவாங்க."

மறுமுனையில் ஒரு பெருமூச்சு. "போன ஜொங்பேகிட்டக் குடுங்க."

கொடுக்க வேண்டியிருக்கவில்லை. ஜொங்பே எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் நின்றான். கம்பியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, மேல் பெட்டியை இரண்டு கையாலும் விளிம்புக்குத் தள்ளினான். தட்டு மூன்றாம் மாடியைத் தாண்டிவிட்டது. ஒக்னத்தின் முகம் தெரிந்தது. அவள் பெட்டியைப் பார்த்தாள். பக்கத்தில் இருந்தவனின் தோளை மட்டும் பிடித்துக்கொண்டாள்.

தூமன் ஜொங்பேயின் பெல்ட்டைப் பின்னாலிருந்து பிடித்தான். இடுப்பைத் தாழ்த்தினான். முழங்கால் நறநறத்தது. நிமிர்ந்தபோது ஜொங்பே காற்றில் ஒரு வட்டம் அடித்து அறையின் நடுவில், பூச்சீட்டுகளின்மேல் முதுகு அறைய விழுந்தான்.

"பைத்தியமாண்ணே உனக்கு?"

எழுந்த வேகத்தில் கம்பி வந்தது. தூமன் வலது கையைக் குறுக்கே வைத்தான். மணிக்கட்டில் சத்தம். கிழவரின் கையில் கேட்ட அதே சத்தம். வலி தோள்வரை வெள்ளையாக ஏறியது. அவன் பெட்டியின்மேல் குப்புற விழுந்து, இடது கையால் ஜன்னல் சட்டத்தைச் சுற்றிப் பிடித்துக்கொண்டான். அவன் கிடக்கும்வரை பெட்டி நகராது. இடுப்பு கீழே இருப்பவனைத் தூக்குவது கஷ்டம் என்பது அவன் அறிந்த பாடம். கம்பி முதுகில் இறங்கியது. மற்ற இருவரும் சேர்ந்துகொண்டு விலாவிலும் தொடையிலும் பூட்ஸால் உதைத்தார்கள். ஒருவன் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரிக்கப் பார்த்தான். "எந்திரிண்ணே! எங்களுக்குப் பொழப்புண்ணே இது!" என்று ஜொங்பே கிட்டத்தட்ட அழுகிற குரலில் கத்திக்கொண்டே அடித்தான். தூமனின் பல் ஒன்று டைல்ஸ் பெட்டியில் பட்டுப் பெயர்ந்தது. ரத்தம் அட்டையில் பரவுவதைப் பார்த்துக்கொண்டே கிடந்தான்.

பிறகு அவன் தலைக்கு மேலாக ஒரு கால் தாண்டிக் குதித்தது.

டைல்ஸைத் தட்டிப் பதிக்கிற ரப்பர் சுத்தியல் ஒக்னத்தின் கையில் இருந்தது. ஜொங்பேயின் முழங்காலில் ஒன்று, குனிந்தவனின் காதோரம் இன்னொன்று. அவன் மூட்டை மாதிரி சரிந்தான். கூட வந்த இருவரும் சாந்துக்கரண்டியும் மட்டப் பலகையுமாக மற்றவர்கள்மேல் பாய்ந்தார்கள். அந்தச் சின்ன அறையில் நாலைந்து உடம்புகள் சுவரில் மோதிக்கொண்டன. ஒருவன் கன்னம் பிளந்து ஓடினான். இன்னொருவனைப் படியில் உருட்டிவிட்டார்கள். ஜொங்பேயைக் காலைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார்கள். படிக்குப் படி அவன் தலை தட்டியது. கீழேயிருந்து மேங்கின் ஆட்கள் ஏறி வந்தபோது, அந்தக் குறுகல் படியில் ஒக்னத்தின் ஆட்கள் டைல்ஸ் பெட்டிகளை ஒவ்வொன்றாக உருட்டிவிட்டார்கள். நாலாவது பெட்டிக்குப் பிறகு யாரும் ஏறவில்லை.

போலீஸ்காரர் மூச்சு வாங்க மேலே வந்தார். பின்னாலேயே மேங்.

"சார், அத்துமீறி நுழைஞ்சிருக்காங்க! பூட்டு எங்களது. படம் இருக்கு."

"பறிச்ச உடனே திரும்பி வந்துட்டோம் சார். உடனே வந்தா தப்பில்ல. சட்டத்துல இருக்கு, எடுத்துக் காட்டவா?" என்றாள் ஒக்னம். சுத்தியலைப் பின்னால் மறைத்துக்கொண்டாள்.

போலீஸ்காரர் இருவரையும் பார்த்தார். தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார். "இதுவும் சிவில் விவகாரம்."

ஒக்னம் சத்தம் போட்டுச் சிரித்தாள்.

"இது சிவில் இல்ல சார்," என்றான் தரையிலிருந்து தூமன். வாயெல்லாம் ரத்தமாக இருந்ததால் வார்த்தை வழுக்கியது. "கிழவர் படியில விழல. ஜொங்பே கம்பியால அடிச்சான். என்னையும் அவன்தான். பெட்டியத் தள்ளச் சொன்னது இவரு. போன் என்கிட்டதான் இருக்கு, அவரு கூப்பிட்டது அதுல தெரியும். நானும் கதவு அறுத்துதான் உள்ள வந்தேன், அதையும் எழுதிக்குங்க."

மேங் அவனை வெகுநேரம் பார்த்தான். "கொங் அண்ணே," என்றான் மரியாதையாகவே, "இனிமே நம்ம வேன்ல ஏறிடாதீங்க." போலீஸ்காரர் மேங்கைக் கீழே அழைத்துப்போனார்.

ஆம்புலன்ஸ் திரும்பி வர நேரமாகும் என்றார்கள். ஒக்னம் அட்டைப் பெட்டியைக் கிழித்துத் தூமனின் மணிக்கட்டின் இரு பக்கமும் வைத்து, பெயிண்டர்கள் ஒட்டும் காகித நாடாவால் இறுக்கிச் சுற்றினாள். அவன் பல்லைக் கடித்தான்.

"அபராதம்தான் வரும்னு நெனக்கிறேன்," என்றான். "நான் யாரையும் அடிக்கல. தூக்குனேன். ஜெயில் வராதுல்லக்கா?"

"அத என்கிட்டக் கேக்குறியே, காதக் கடிச்சவகிட்ட! ஜட்ஜுகிட்டக் கேளு. ஆனா என்னைக் கேட்டா சொல்லுவேன், இவன் பெட்டிமேல படுத்தான்னு." நாடாவைப் பல்லால் அறுத்தாள். "எந்தக் கையால எழுதுவ?"

"வலதுதான்."

"நாசமாப் போச்சு. வட்டம்தானே கறுப்பாக்கணும், இடது கையால பழகிக்க. இன்னும் நாள் இருக்கு."

அவள் எழுந்துபோய்ப் பச்சைப் போர்வையை ஜன்னலில் உதறினாள். வெள்ளைப் பொடி பறந்தது. மறுபடி விரித்து, சிதறின பூச்சீட்டுகளைப் பொறுக்கினாள். அவள் கலைக்கவில்லை. ஒவ்வொன்றாகப் பார்த்து, யோசித்து, இருந்த இடத்திலேயே வைத்தாள். முழுநிலவு தன் பக்கம். கொக்கு நிற்கிற பைன் மரம் வெல்டரின் பக்கம். ஒரு கொத்துச் சீட்டைக் கவிழ்த்து யோம் கிழவர் உட்கார்ந்திருந்த இடத்தில் வைத்தாள். இரண்டொன்று சந்தேகமாக இருந்தது. மூக்கில் துணி அடைத்துக்கொண்டு படியேறித் திரும்பியிருந்த வெல்டர் போனில் பேசுவதை நிறுத்திவிட்டுச் சரியாகச் சொன்னார்.

தூமன் பார்த்துக்கொண்டே இருந்தான். "கலைச்சுப் புதுசா போட வேண்டியதுதானே?"

"எதுக்கு? நாங்க ஆட்டத்த முடிக்கலையே. விட்டுட்டு எந்திரிச்சும் போகல. நீங்க வந்து போர்வைய உதைச்சீங்க. உதைச்சவன் ஜெயிச்சதா ஆயிடுமா? அப்புறம் தோக்கறவன் எல்லாம் போர்வைய உதைக்க மாட்டானா?"

மூன்று வருஷமாக அடைத்துக்கொண்டிருந்த ஏதோ ஒன்று தூமனுக்கு உள்ளே மெல்ல அசைந்தது. "சரி. சீட்டு தொலைஞ்சு போச்சு, திரும்ப அடுக்க முடியல. அப்ப?"

"அப்ப ஆட்டம் இல்ல. உதைச்சது அவன் தப்புதான், திட்டலாம், நஷ்டம் கேக்கலாம். ஆனா சீட்டே இல்லாம எதை வெச்சு ஆடுவ?"

"அதனாலதான் இரண்டாவது விடை தப்பு."

"ம்."

"அடுக்கிட்டா, நடுவுல உதைச்சதே கணக்குல இல்ல."

"என் ஆட்டம்தான் அடுத்தது," என்றாள் ஒக்னம். சட்டைக்குள்ளிருந்து ரத்தக்கறை படிந்த தாளை எடுத்து அவன் மடியில் போட்டாள். கூடவே ஒரு பேனா.

தூமன் பேனாவை இடது கையில் பிடித்தான். குழந்தை பிடிப்பது மாதிரி இருந்தது. ஒன்றின்மேல் இருந்த பழைய வட்டத்தைக் கோடு போட்டு அடித்தான். மூன்றின் வட்டத்துக்குள் மெல்ல மெல்லக் கறுப்பு ஏற்றினான். மை இரண்டு இடத்தில் கோட்டைத் தாண்டியது. ஓரத்தில், கோணல் எழுத்தில், சனிக்கிழமைக்கு மறந்துவிடாமல் இருக்க, காரணத்தையும் எழுதிக்கொண்டான்:

பற்றுரிமை சுவாதீனத்தில் வாழ்வது. தானாக விட்டுக்கொடுத்தால் அதோடு முடிந்தது. அடித்துப் பறிக்கப்பட்டால், உடனே தானே மீட்கலாம். உடனே முடியாவிட்டால் ஓராண்டுக்குள் வழக்குப் போட்டு மீட்க வேண்டும். மீட்காதவரை உரிமை இல்லை. மீட்டுவிட்டால், சுவாதீனம் ஒரு கணம்கூடப் போகவில்லை என்று கொள்ள வேண்டும். விடை மூன்று.